சீட்டுல ஒரு பேரு, நோய்க்குள்ள ஒரு வீடு: குடும்பமும் உடம்பும் சேர்ந்த ஆராய்ச்சின்னா என்ன?

ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டுல எப்பவும் ஒரு பேருதான் இருக்கும். ஒரு வயசு, ஒரு பிரஷர் அளவு, ஒரு சுகர் அளவு, கீழ நாலு மாத்திரை. ஆனா அந்தச் சீட்டைக் கையில வச்சிருக்கிறவரு தனியாளா வாழல, அவருக்குச் சோறாக்கிப் போடுறது ஒருத்தர், பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் குடுக்கிறது இன்னொருத்தர், "மாத்திரை போட்டீங்களா"ன்னு கேக்குறது வேற ஒருத்தர், கேக்க ஆளே இல்லாத வீடும் இருக்கு. இவங்க யாருமே சீட்டுல வர மாட்டாங்க. விட்டுப்போன இந்த ஆளுங்களையும் சேர்த்து வச்சு நோயைப் புரிஞ்சுக்கணும்னு யுனிவர்சிட்டிகள்ல ஒரு துறை வளர்ந்திருக்கு, குடும்பமும் ஆரோக்கியமும்னு அதுக்குப் பேரு. டாக்டர், நர்ஸ், சமூகவியல் படிச்சவங்க, எக்கனாமிக்ஸ் ஆளுங்க, உளவியல், ஊட்டச்சத்து, புள்ளியியல்னு பல பக்கத்து ஆளுங்க ஒரே கேள்விக்குச் சேர்ந்து வேலை பாக்குறாங்க, அந்த மாதிரி வேலை பாக்கப் புதுப் பிள்ளைகளுக்கும் பயிற்சி குடுக்குறாங்க.

நம்ம ராமநாதபுரம் கடற்கரைல காலேஜ் படிக்கிற பிள்ளைங்களுக்கு இது என்னன்னு புரியணும்னுதான் எழுதுறேன். இந்தப் படிப்புக்கு நம்ம கரை அளவுக்குக் கேள்வி நிறைஞ்ச இடம் கிடைக்கிறது கஷ்டம்ங்கிறது என் எண்ணம்.

ஒரு வீட்டை நினைச்சுக்குவோம். கற்பனை வீடுதான், ஆனா பாம்பன்லயோ தங்கச்சிமடத்துலயோ இப்படி வீடு இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்காரருக்கு 48 வயசு, விசைப்படகுல கூலிப்பங்குக்குப் போறாரு, சுகர் வந்து சில வருஷம் ஆச்சு. அவரு சம்சாரம் கடல்பாசி எடுக்கப் போகுது. வயசான ஆத்தா வீட்டுல இருக்கு, அதுக்கு பிரஷர். மூத்த பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, பையன் பத்தாவது. இப்ப ஏப்ரல் 15 வருது, ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மீன்பிடித் தடைக்காலம், போட்டு கரைல நிக்கும். தடைக்காலம் முடிஞ்சு அவருக்குச் சுகர் எடுத்துப் பாத்தா எகிறிக் கெடக்குன்னு வைங்க. டாக்டர் என்ன செய்வாரு, டோஸைக் கூட்டுவாரு. அது தப்பில்ல. ஆனா ஏன் எகிறுச்சு?

டாக்டர்கிட்ட கேட்டா, சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் மாறிப்போச்சான்னு முதல்ல பாப்பாரு. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்துல 3 நாளு, நாட்டுப்படகுக்கு 4 நாளுன்னு பல வருஷமா முறை வச்சு ஓடுது, கடலுக்குப் போற நாள்ல ராத்திரி முழிப்பு, போகாத நாள்ல பகல் தூக்கம், அப்ப "காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு"ன்னு எழுதிக் குடுத்தா அவருக்கு எது காலை? ஊட்டச்சத்து படிச்சவங்க சட்டிக்குள்ள எட்டிப் பாப்பாங்க, கையில காசு இல்லாத மாசத்துல மூணு வேளையும் ரேஷன் அரிசிச் சோறா, மீனு குறைஞ்சிருச்சா, கடைசியா சாப்பிடுறது யாரு, அந்த ஆளுக்கு மிச்சம் என்ன இருக்கு. எக்கனாமிக்ஸ் ஆளு பங்குக் கணக்கைக் கேப்பாரு, டீசலு ஐஸு போக படகு ஓனருக்கு எவ்வளவு, ஆளுகளுக்கு எவ்வளவு, யாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்காரா, தடைக்கால நிவாரணம் எந்த வாரம் வந்துச்சு, அது வர்றதுக்குள்ள யாரு நகை அடகுக்குப் போச்சு. மானிடவியல் படிச்சவங்க ஒரு ஓரமா உக்காந்து, இந்த வீட்டுல "ஆஸ்பத்திரிக்குப் போலாம்"ங்கிற முடிவு யாரு வாய்ல இருந்து வருதுன்னு கவனிப்பாங்க. உளவியல் ஆளுக்குப் பயம் கண்ணுல படும். அந்தப் பக்கம் இலங்கை கடற்படை பிடிச்சுட்டுப் போன படகுகள், சிறைல கெடந்துட்டு வந்த ஆளுகள், திரும்பி வராத போட்டுக்கு இன்னும் கட்டிக்கிட்டிருக்கிற கடன், இதெல்லாம் இந்தக் கரை வீடுகளுக்கு டிவி செய்தி கிடையாது, தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். தூக்கம் கெட்டா சுகரும் கெடும்னு டாக்டரே சொல்லுவாரு.

பாருங்க, ஒருத்தர் சொல்றதும் பொய்யில்ல. ஆனா தனித்தனியா அஞ்சு பேரு அஞ்சு ரிப்போர்ட் எழுதி ஒரே ஃபைல்ல கட்டி வச்சா அது பல துறை ஆளுங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்த கதைதான். சேர்ந்து பண்றதுன்னா ஆரம்பத்துலயே, கேள்வியைப் போடும்போதே, எல்லாரும் ஒரே திண்ணைல உக்காந்திருக்கணும். "தடைக்காலத்துல வீட்டுச் செலவு எந்த வரிசைல வெட்டுப்படுது, அந்த வரிசைல மாத்திரையும் டெஸ்ட்டும் எந்த இடத்துல நிக்குது, அதுக்கும் மூணு மாசச் சுகர் சராசரிக்கும் என்ன தொடர்பு"ன்னு ஒரு கேள்வி போட்டா, அது டாக்டர் தனியா போட்டிருக்க முடியாத கேள்வி, எக்கனாமிக்ஸ் ஆளும் தனியா போட்டிருக்க மாட்டாரு. வித்தியாசம் அங்கதான் இருக்கு. மாத்திரை இலவசமாத்தானே கிடைக்குது, 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து பிரஷருக்கும் சுகருக்கும் மருந்து குடுக்குறாங்களேன்னு கேக்கலாம். நல்ல திட்டம்தான், அதனாலயேதான் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகுது: மருந்து வாசல் வரைக்கும் வந்தபிறகும் வாசல்ல இருந்து வாய் வரைக்கும் நடுவுல என்ன நடக்குது?

முதல் சிக்கலே குடும்பம்னா யாருங்கிறதுல ஆரம்பிக்கும். சென்சஸ்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க, வழக்கமா ஒண்ணா இருந்து ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க ஒரு வீடு, வேலை நிமித்தமா வெளிய இருந்தாலொழிய. எண்ணுறதுக்கு இது நல்ல கணக்கு. ஆனா கீழக்கரைக்கு வாங்க, பெரியபட்டினத்துக்கு வாங்க, வீட்டுக்காரரு வளைகுடாவுல இருக்காரு, வருஷக்கணக்கா இந்த அடுப்புல சாப்பிடல, ஆனா உம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்றதுன்னு ராத்திரி வாட்ஸ்ஆப் கால்ல அவருதான் முடிவு சொல்றாரு, காசும் அவரு அனுப்புறதுதான். அவரை விட்டுட்டு அந்த வீட்டு ஆரோக்கியத்தை எழுத முடியுமா? அதே கீழக்கரைல பொண்ணு கல்யாணம் ஆனபிறகும் தாய்வீட்டோடயே இருக்கிற வழக்கம் பல காலமா உண்டு, மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. வேற ஊருகள்ல பொண்ணு மாமியார் வீட்டுக்குப் போய், ஒன்பதாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு தாய்வீட்டுக்கு வந்து, பிள்ளை பெத்து மூணு மாசமோ அஞ்சு மாசமோ கழிச்சுத் திரும்பிப் போகும். பிள்ளை பெத்தவ மனசு சோர்ந்து போறது, தாய்ப்பால் எத்தனை மாசம் குடுக்கிறது, குழந்தைக்குக் காய்ச்சல்னா ராத்திரில யாரு தூக்கிட்டு ஓடுறது, இதையெல்லாம் இந்த ரெண்டு மாதிரி வீடுகளுக்கும் நடுவுல வச்சு ஒப்பிட்டுப் பாத்தா எவ்வளவு தெரியவரும். இது நானே ஒரு ஆராய்ச்சிப் பிள்ளைக்குக் குடுக்க ஆசைப்படுற தலைப்பு.

கர்ப்பிணிகளைப் பத்திப் பேசும்போது ஒண்ணு. தமிழ்நாட்டுல ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி நம்பர்னு ஒண்ணு போடுறாங்க, பிறப்புச் சான்றிதழுக்கு அது கேப்பாங்கன்னு எல்லா வீட்டுக்கும் தெரியும். பொண்ணு தாய்வீட்டுக்கு இடம் மாறினாலும் அந்த நம்பர் கூடவே போகணும்ங்கிறது ஏற்பாடு. ஒரு குடும்ப வழக்கத்தை அரசாங்கக் கம்ப்யூட்டர் புரிஞ்சுக்க வேண்டி வந்ததுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

புள்ளிவிவரத்துலயும் குடும்பம் ஒரு தொல்லை குடுக்கும். 100 வீட்டுல 400 பேருகிட்ட டெஸ்ட் எடுத்தா 400 தனித்தனி ஆளுங்கன்னு கணக்குப் போடக் கூடாது. ஒரே சட்டிக் குழம்பை நாலு கரண்டில எடுத்து ருசி பாத்துட்டு நாலு குழம்பு ருசி பாத்தேன்னு சொல்ற மாதிரி ஆயிரும் அது. ஒரே வீட்டு ஆளுங்க ஒரே உப்பு, ஒரே தண்ணி, ஒரே புகை, ரத்தமும் பாதி ஒண்ணு, அதனால பதிலும் ஒண்ணு போல வரும். இதுக்குன்னே வீட்டுக்குள்ள ஆளு, ஊருக்குள்ள வீடுன்னு அடுக்கடுக்கா வச்சுப் பாக்கிற கணக்கு முறை இருக்கு, பயிற்சில அதைக் கண்டிப்பா சொல்லித் தருவாங்க.

இந்த யோசனை எங்கிருந்து வந்துச்சுன்னு கொஞ்சம். லண்டன்ல பெக்கம்னு ஒரு ஏரியா, அங்க 1926ல ரெண்டு டாக்டருங்க, ஸ்காட் வில்லியம்சன், இன்னஸ் பியர்ஸ்னு பேரு, ஒரு ஹெல்த் சென்டர் ஆரம்பிச்சாங்க. தனி ஆளா சேர முடியாது, குடும்பமாத்தான் சேரணும், வாரச் சந்தா உண்டு. 1935ல நீச்சல் குளத்தோட பெரிய கட்டடமே கட்டிட்டாங்க. குடும்பத்துல எல்லாரையும் பரிசோதிச்சு அப்புறம் குடும்பத்தையே உக்கார வச்சுப் பேசுவாங்க, நல்லா இருக்கோம்னு நினைச்சுட்டு வந்த பெரும்பாலானவங்களுக்கு ஏதோ ஒரு கோளாறு இருந்ததை அங்க கண்டுபிடிச்சாங்க. 1950ல அது மூடியாச்சு. 1954ல அமெரிக்காவுல மர்ரி போவன்ங்கிற மனநல டாக்டர் நோயாளியோட சேர்த்து குடும்பத்தையே வார்டுல தங்க வச்சு ஆராய்ச்சி பண்ணாரு. 1977ல ஜார்ஜ் எங்கெல்னு ஒரு டாக்டர், உடம்பு, மனசு, சமூகம் மூணையும் சேர்த்தாத்தான் நோய் புரியும்னு ஒரு கட்டுரை எழுதினாரு, இன்னிக்கு உலகம் முழுக்க மெடிக்கல் காலேஜ்ல அதைச் சொல்லித் தர்றாங்க.

ஆனா நம்ம நாட்டுல இதை வெள்ளைக்காரன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டோம்னு நினைக்காதீங்க. 1950கள்ல அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரில டாக்டர் வித்யாசாகர் வளாகத்துலயே கூடாரம் போட்டு நோயாளியோட குடும்பத்தைத் தங்க வச்சாரு. வேலூர் சிஎம்சியோட பாகாயம் மனநல மையத்துலயும் அந்தக் காலத்துல இருந்தே நோயாளி கூட வீட்டு ஆளு ஒருத்தர் தங்கணும்னு முறை. பைத்தியம்னு முத்திரை குத்தி உள்ள தள்ளிக் கதவைச் சாத்துன காலத்துல, ஆத்தாவையும் அண்ணனையும் கூடவே உக்கார வச்சு வைத்தியம் பாத்திருக்காங்கன்னா அது சாதாரண விஷயமா?

மனநோய் பக்கம் வந்தாச்சு, நம்ம மாவட்டத்துல இதைப் பேசாம இருக்கவே முடியாது. 2001 ஆகஸ்ட் 6, விடியுறதுக்கு முன்னாடி, ஏர்வாடி தர்கா பக்கம் ஒரு தனியார் மனநலக் காப்பகத்து ஓலைக் கொட்டகைல தீப்பிடிச்சு, சங்கிலில கட்டியிருந்த 28 பேரு செத்துப் போனாங்க. தப்பிச்சு ஓட முடியல, கால்ல சங்கிலி. நாடே அதிர்ந்துச்சு, சுப்ரீம் கோர்ட் தானாவே வழக்கா எடுத்துச்சு, காப்பகங்களை மூடினாங்க. சட்டம் என்ன பண்ணணுமோ அதை அப்புறம் பண்ணுச்சு, 2017 மனநலச் சட்டத்துல எந்த வடிவத்துலயும் சங்கிலி போடக் கூடாதுன்னு தெளிவாவே இருக்கு. ஆனா அங்க கொண்டுவந்து விட்டது யாரு? பெத்தவங்க, கூடப்பிறந்தவங்க, கட்டினவங்க. அவங்களைக் கல்நெஞ்சக்காரங்கன்னு சொல்லிட்டுப் போறது எளிது, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ராத்திரி பூரா தூங்காத மகன், அக்கம்பக்கத்துப் பேச்சு, கல்யாணம் ஆகாத தங்கச்சி, அஞ்சு ஊரு தாண்டிப் போனாத்தான் மனநல டாக்டர், எங்கயோ கேட்டு வாங்கின கடன், கடைசில தர்கால நேர்த்தி வச்சா சரியாயிரும்னு ஒரு நம்பிக்கை. அந்த வழியைப் படிப்படியா பின்னாடி நடந்து பாக்குறதுதான் குடும்ப ஆராய்ச்சி. எந்தப் படில யாரு கை குடுத்திருந்தா இந்தப் பயணம் வேற பக்கம் திரும்பியிருக்கும்ங்கிறதுதான் அதோட கேள்வி. இதுக்கு மனநல டாக்டர் வேணும், சட்டம் தெரிஞ்சவங்க வேணும், பஸ் ரூட்டும் கடனும் தெரிஞ்சவங்க வேணும், தர்கா மேல மக்களுக்கு இருக்கிற பக்தியை மதிக்கத் தெரிஞ்சவங்க ரொம்ப வேணும். குஜராத்ல மீரா தாதார் தர்கால துவாங்கிற பிரார்த்தனையும் நடக்கும் மருந்தும் நடக்கும்னு ரெண்டையும் சேர்த்து வச்சாங்க, அதே வழில ஏர்வாடிலயும் தர்காவை ஒட்டியே மனநல சிகிச்சை குடுக்கிற ஏற்பாடு வந்துச்சு. நம்பிக்கையை உடைக்காம வைத்தியத்தைப் பக்கத்துல கொண்டுபோய் வைக்கணும்னு யோசிச்சது பாருங்க, அது மருத்துவமும் மானிடவியலும் சேர்ந்த மூளை.

இந்த இடத்துல ஒரு பழைய ஆராய்ச்சியைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். 1950கள்ல லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒரு சமூகவியல் ஆளு, டாக்டர் இல்ல அவரு, மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா, இல்லாத குரல் கேக்குற மாதிரி மனநோய்) சரியாகி ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்குப் போன ஆம்பளைகளைத் தொடர்ந்து கவனிச்சாரு. பெத்தவங்ககிட்டயோ பொண்டாட்டிகிட்டயோ போனவங்களைவிட, கூடப்பிறந்தவங்க வீட்டுக்கோ வாடகை ரூமுக்கோ போனவங்க நல்லா இருந்தாங்க. எல்லாருக்கும் ஆச்சரியம், பாசம் உள்ள இடத்துலதானே நல்லாகணும்? மேல மேல தோண்டிப் பாத்ததுல, வீட்டு ஆளுங்க நோயாளியைப் பத்திப் பேசுற விதத்துல விஷயம் இருக்குன்னு தெரிஞ்சுச்சு. எடுத்ததுக்கெல்லாம் குத்தம் சொல்றது, வெறுப்பு காட்டுறது, இல்ல அதுக்கு நேர் எதிரா, மூச்சு விட முடியாத அளவுக்குப் பொத்திப் பொத்தி வைக்கிறது. 1972ல வந்த ஆராய்ச்சில இந்த மூணுல ஏதாவது ஒண்ணு கூடுதலா இருந்த வீடுகள்ல 9 மாசத்துக்குள்ள 58 சதவீதம் பேருக்கு நோய் திரும்பி வந்துச்சு, குறைவா இருந்த வீடுகள்ல 16 சதவீதம். மாத்திரையும் அதோட பங்கைச் செஞ்சுச்சு, ஆனா வீட்டுப் பேச்சுக்கும் இவ்வளவு பலமான்னு அப்பத்தான் உலகத்துக்கு உறைச்சுச்சு. அப்புறம் சண்டிகர்லயும் இதே ஆராய்ச்சியைப் பண்ணாங்க, லண்டன் வீடுகளைவிட அங்க குத்தம் சொல்ற பேச்சு நல்லாவே குறைவுன்னு 1987ல எழுதினாங்க.

இதைக் கேட்டதும் "அப்ப வீட்டு ஆளுங்கதான் காரணம்"னு ஒரு முடிவுக்குப் போயிராதீங்க, அது பெரிய அநியாயம். 1940கள்ல தாயோட வளர்ப்புதான் இந்த நோயைக் கொண்டுவருதுன்னு ஒரு கொள்கையே இருந்துச்சு, எத்தனை தாய்மாருங்க அந்தப் பழியைச் சுமந்தாங்களோ, கடைசில அதுக்கு ஆதாரமே இல்லைன்னு தூக்கிப் போட்டாங்க. பிரவுன் பாத்தது நோய் எப்படி வருதுன்னு இல்ல, வந்த நோய் எப்படி நடந்துக்குதுன்னு. ராப்பகலா பாத்துக்கிற ஒரு ஆத்தா எரிஞ்சு விழுறான்னா அவளுக்கு ஓய்வு இல்லைன்னு அர்த்தம். அதனால அதுக்கு வைத்தியமும் வீட்டு ஆளுங்களை உக்கார வச்சு, "இவன் சோம்பேறித்தனமா படுத்துக் கெடக்கல, நோயே அப்படித்தான் இழுத்துப் போடும்"னு விளக்குறது, அவங்களும் கொஞ்சம் மூச்சு விட வழி பண்றது, ஒரே கஷ்டத்துல இருக்கிற நாலு குடும்பத்தை ஒண்ணா உக்கார வைக்கிறது. இப்படிப் பண்ணினா நோய் திரும்பி வர்றது குறையுதுன்னு பல நாட்டு ஆராய்ச்சி காட்டியிருக்கு. சென்னைல 1984ல இருந்து ஸ்கார்ஃப்னு ஒரு நிறுவனம் இந்த நோய்க்காகவே வேலை பாக்குது, குடும்பங்களோட சேர்ந்து வேலை பாக்குறது அவங்களுக்குப் பழகின பாதை.

மனசு மட்டும் இல்ல, தோலுலயே குடும்பம் தெரியும். 2005ல ஓஹியோ ஸ்டேட் யுனிவர்சிட்டில 42 தம்பதிகளை ஆஸ்பத்திரில தங்க வச்சு, கையில சின்னதா கொப்புளக் காயம் ஏற்படுத்தி, ஒரு தடவை ஒருத்தருக்கொருத்தர் ஆறுதலா பேசச் சொல்லி, இன்னொரு தடவை அவங்களுக்குள்ள சண்டை வர்ற விஷயத்தைப் பேசச் சொல்லி, காயம் ஆறுற வேகத்தை அளந்தாங்க. சண்டைப் பேச்சுக்கு அப்புறம் ஆறுறது மெதுவாச்சு, ரொம்ப வெறுப்பா பேசிக்கிட்ட ஜோடிகளுக்கு மத்தவங்க வேகத்துல 60 சதவீதம்தான். அங்க உளவியல் ஆளும் நோய் எதிர்ப்புச் சக்தி படிச்ச டாக்டரும் ஒண்ணா நின்னாத்தான் இந்த ஒரு அளவையே எடுக்க முடிஞ்சுச்சு.

இதைப் படிச்சதுல இருந்து எனக்குப் பாசி எடுக்கிற பொம்பளைங்க கைதான் கண்ணு முன்னாடி நிக்குது. சின்னப்பாலம் பக்கம் போய்ப் பாருங்க, கண்ணுக்கு முகமூடிக் கண்ணாடி, விரலு ஒவ்வொண்ணுக்கும் துணிக்கிழிசலைச் சுத்தி, கால்ல தகட்டையோ பழைய செருப்பையோ கட்டிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக் குனிஞ்சு பாறை இடுக்குல இருந்து மரிக்கொழுந்து பாசியையும் கஞ்சிப்பாசியையும் பிய்ச்சு இடுப்புல கட்டின சாக்குல போடுவாங்க. பவளப்பாறை கிழிக்கும், துணியையும் தாண்டிக் கிழிக்கும். அந்தக் காயத்தோட உப்புத் தண்ணிலயே பல மணி நேரம். கரைக்கு வந்தா சோறாக்கணும், தண்ணி பிடிக்கணும். அந்தப் பொம்பளைக்குச் சுகரும் இருந்து, வீட்டுல ராத்திரி குடிச்சுட்டு வந்து சண்டையும் நடந்தா அந்த விரலு காயம் எப்ப ஆறும்? இந்தக் கேள்விய தோல் டாக்டர் தனியா கேக்க மாட்டாரு. மன்னார் வளைகுடா 21 தீவும் 1986ல தேசியப் பூங்கா ஆனதுல இருந்து, எங்க இறங்கலாம் எங்க இறங்கக் கூடாதுன்னு வனத்துறையோட இழுபறி வேற, அந்தப் பதட்டமும் உடம்புல ஏறாம எங்க போகும்? இந்தப் பொம்பளைங்களே கூடிப் பேசி மாசத்துல இத்தனை நாளுதான் எடுக்கிறதுன்னு கட்டுப்பாடு வச்சிருக்காங்க, சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015ல, தீவுகளோட இயற்கையைக் காக்குறவங்களுக்குக் குடுக்கிற சீகாலஜி பரிசு அதுக்காகத்தான் வந்துச்சு. அப்ப ஆராய்ச்சி பண்ண வர்றவங்க இவங்ககிட்ட ஃபார்ம் நிரப்பிட்டுப் போனா போதாது, கேள்வியே இவங்களோட சேர்ந்து போடணும்.

சரி, பயிற்சின்னா என்ன சொல்லித் தருவாங்க. முதல் பாடம் பெரும்பாலும் குடும்ப வரைபடம். மூணு தலைமுறையை ஒரு தாள்ல போடுறது: ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம், செத்துப் போயிருந்தா உள்ள பெருக்கல் குறி, கல்யாணத்துக்குக் கோடு, சொந்தத்துக்குள்ள கட்டியிருந்தா ரெட்டைக் கோடு. நம்ம பக்கம் மாமன் மகளு அத்தை மகன்னு கட்டுற வீடுகள்ல இந்த ரெட்டைக் கோடு நிறையவே வரும், பரம்பரை நோய் விசாரிக்க அது முக்கியம். நோயைப் போட்டு முடிச்சதும் உறவைப் போடச் சொல்லுவாங்க, யாரு யாருகிட்ட பேசுறதில்ல, யாரு இல்லாட்டி யாரால முடியாது. முன்ன சொன்ன கற்பனை வீட்டை வரைஞ்சா ஒண்ணு பளிச்சுனு தெரியும்: வீட்டுக்காரர் மாத்திரை, ஆத்தா மாத்திரை, பையன் பள்ளிக்கூடம், கட்டிக் குடுத்த பொண்ணோட பிரசவம், எல்லாக் கோடும் ஒரே வட்டத்துல, பாசி எடுக்கப் போற அந்த ஆளுகிட்ட போய்ச் சேரும். அந்த வட்டத்துக்குக் காய்ச்சல் வந்தா அந்த வாரம் மத்த நாலு பேரு நிலைமை என்ன?

ரெண்டாவது, பருவக் காலண்டர். தரைல கோலமாவால பன்னெண்டு மாசத்தைப் போட்டு, ஊராளுங்களையே வச்சு வாடைக்காத்து மாசம், தடைக்காலம், தண்ணிப் பஞ்சம், பள்ளிக்கூடச் செலவு, திருவிழா, காய்ச்சல் மாசம்னு கல்லையும் சிப்பியையும் வைக்கச் சொல்றது. எந்த மாசத்துல எல்லாம் ஒண்ணா வந்து குவியுதுன்னு ஊருக்கே தெரியும். எதுத்தாப்ல வலிநோக்கம் உப்பளத்துல வேலை பாக்குற வீட்டுக் காலண்டரைப் போட்டா வேற மாதிரி வரும், அங்க வெயில்தான் சம்பளம், மழை மாசந்தான் பஞ்சம்.

மூணாவது, பேட்டி எடுக்கிறது. இதுதான் கஷ்டம். மாமியாரு பக்கத்துல உக்காந்திருக்கும்போது மருமகள்கிட்ட "நல்லா சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டா என்ன பதில் வரும்னு நமக்குத் தெரியாதா. தனியா கேக்கணும், ஆனா தனியா கூப்பிட்டா அதுவே ஊருப் பேச்சாயிரும், அதனால தண்ணி எடுக்கப் போகும்போது கூட நடந்து போய்க் கேக்குறது, பாசி காயவைக்கிற இடத்துல உக்காந்து கேக்குறதுன்னு வழி கண்டுபிடிக்கணும். சின்ன ஊருல பேரை மறைச்சு எழுதினாலும் "மூணு பொம்பளைப் பிள்ளை, வீட்டுக்காரரு சிறைல, சுகர்"னு எழுதினாப் போதும், யாருன்னு கண்டுபிடிச்சுருவாங்க, அதையும் யோசிச்சு எழுதணும். வீட்டுக்காரர் சொன்னதைச் சம்சாரத்துகிட்டயோ, சம்சாரம் சொன்னதை வீட்டுக்காரர்கிட்டயோ வாய்தவறிக் கூடச் சொல்லிறக் கூடாது. ஆராய்ச்சி நெறிமுறைக் கமிட்டி அனுமதி, எழுத்துல சம்மதம் இதெல்லாம் சட்டப்படி வேணும், ஆனா ஒரு ஆளு தலையை ஆட்டுறது சம்மதத்துலயா பயத்துலயான்னு பாக்கத் தெரியறது அதைவிட முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

நம்ம ஊருல இதுக்கு இடம் இருக்கான்னா, இருக்கு. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரில திறந்தாச்சு, அதே 2022லதான் தேசிய மருத்துவ ஆணையம் எம்பிபிஎஸ் பிள்ளைங்க கிராமத்துல சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலத்துல தொடர்ந்து போய்ப் பாக்கணும்னு குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்துச்சு. கடலைப் படிக்க அழகப்பா யுனிவர்சிட்டிக்குத் தொண்டில ஒரு வளாகம், மதுரை காமராஜருக்குப் புதுமடத்துல ஒரு மையம், மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மையம் பல காலமா. மீனையும் பாசியையும் இத்தனை வருஷமா எண்ணி வச்சிருக்காங்க. அந்த எண்ணிக்கையையும் மெடிக்கல் காலேஜ் பிள்ளைங்க போற வீட்டையும் ஒரே மேஜைல வச்சா, மீன்பாடு குறைஞ்ச வருஷத்துல பிள்ளைங்க எடை என்னாச்சுன்னு பாக்கலாமே. இதுக்குப் புதுக் கட்டடம் வேண்டாம், ரெண்டு டிபார்ட்மென்ட் ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணணும், அவ்வளவுதான், அது ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்குன்னுதான் எனக்கு ஆதங்கம்.

படிக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு வழி நிறைய. சமூகப்பணி, நர்சிங், மனையியல், மானிடவியல், புள்ளியியல், எக்கனாமிக்ஸ், எதுல இருந்தும் வரலாம். மும்பைல 1956ல இருந்து மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கு, நாடு முழுக்க வீடு வீடா எடுக்கிற தேசிய குடும்ப நல ஆய்வை அவங்கதான் நடத்துறாங்க, முதல் ஆய்வு 1992-93ல, அஞ்சாவது 2019-21ல. பெங்களூரு நிம்ஹான்ஸ்ங்கிற மத்திய மனநல நிறுவனத்துல குடும்ப மனநலத்துக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. பக்கத்துலயே திண்டுக்கல் காந்திகிராமத்துல 1964ல இருந்து கிராம சுகாதாரமும் குடும்ப நலமும் சொல்லித் தர்ற நிறுவனம் இருக்கு. பொது சுகாதார முதுகலைக்குப் பல இடத்துல எம்பிபிஎஸ் படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல, வேற டிகிரி முடிச்சவங்களையும் எடுத்துக்கிறாங்க, விண்ணப்பிக்கும்போது விதிமுறையைப் பாத்துக்கங்க.

அதுக்கு முன்னாடியே ஒண்ணு செய்யலாம். இந்த வாரம் உங்க வீட்டு வரைபடத்தை ஒரு தாள்ல போடுங்க. அப்பத்தாகிட்டயோ அம்மாச்சிகிட்டயோ உக்காந்து அவங்க தலைமுறைல யாரு எந்த வயசுல எதனால போனாங்கன்னு கேளுங்க, "வயித்து வலில போனாரு", "திடீர்னு மாரைப் பிடிச்சாரு"ன்னு அவங்க சொல்ற வார்த்தையிலயே எழுதுங்க, நீங்களா நோய்க்குப் பேரு வைக்காதீங்க. யாரு கூட இருந்து பாத்துக்கிட்டாங்கன்னும் கேளுங்க, அதை மறந்துறாதீங்க. எழுதின தாளைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரங்க வாட்ஸ்ஆப் குரூப்ல போட வேண்டாம், அதுல இருக்கிற பாதி விஷயம் உங்களோடது கிடையாது. அடுத்த தடவை வீட்டுல யாரையாவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகும்போது அதைக் கையில எடுத்துட்டுப் போங்க, "குடும்பத்துல யாருக்காவது சுகர், ஹார்ட் இருக்கா"ன்னு கேப்பாங்க, அப்ப விரிச்சுக் காட்டலாம்.